கணேசமூர்த்தியின் இன்னொரு சுற்று

கணேசமூர்த்தி மூடிய சீனிப் போத்தலைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போத்தலைக் கட்டிப் பிடிக்க வேண்டும், மற்றவர் மூடியில் துணியைச் சுற்றித் திருக வேண்டும். அவருடைய மனைவி வீரம்மா இருபத்தாறு வருடமாகக் காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் இந்தத் தேகப்பயிற்சியைச் செய்து வருகிறாள். ஆள் துணைக்குக் கிடைக்காத நாட்களில் சீனி இல்லாமலேயே குடித்துவிடுவாள். அதனால்தான் தனக்குச் சர்க்கரை வியாதி வரவில்லை என்று கிளினிக்கில் சொல்லியும் இருக்கிறாள்.

நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டம். அதன் தேயிலைத் தொழிற்சாலையில் கணேசமூர்த்தி ஃபிட்டர். கொழுந்தை உருட்டி நசுக்குகிற ரோலர் என்ற இயந்திரம் இரவும் பகலும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் நட்டு ஒவ்வொன்றாகத் தளரும். தளர்ந்ததை இறுக்குவதுதான் அவருக்குச் சோறு போடும் வேலை. எல்லா ஃபிட்டர்களும் போதுமென்று நிறுத்துகிற இடத்தில் இவர் நிறுத்த மாட்டார். ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இன்னொரு சுற்று கொடுப்பார். தொழிற்சாலையில் அது நல்ல குணம். பிரச்சினை என்னவென்றால் அவர் அந்தக் கையை வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வருவதில்லை.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் தண்ணீர்க் குழாய்க்கு மாதம் ஒரு வாஷர் போவது அவரால்தான். போன வருடம் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கம்பம் நட்டபோது, காற்றுக்கு ஆடுகிறது என்று இவர் போய் நாலு போல்டையும் இறுக்கினார். விழா முடிந்து ஒரு கிழமையாகியும் கம்பம் கழன்று வரவில்லை. கடைசியில் சந்தியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெயகாந்தன் வந்து அறுத்தெடுத்தான். அறுத்துக்கொண்டே அவன் நாலு வார்த்தை சொல்ல, இவர் எட்டு வார்த்தை திருப்பிச் சொல்ல, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்த மனிதருக்கு லோஜினி என்று ஒரே மகள். அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ஐந்து தோட்டங்களின் பிள்ளைக் காம்பராக்களுக்குப் போய், அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன நேரத்தில் குழந்தைகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எடை கூடுகிறதா என்று பார்க்கிற வேலை. பஸ் போகாத தோட்டங்கள். ஆகவே பதினைந்தாம் தேதிக்குள் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். எழுத்துப் பரீட்சையை லோஜினி பாஸ் பண்ணிவிட்டாள். ஓட்டிக் காட்டுகிற ட்ரையல் திங்கட்கிழமை ஹட்டனில். அதைத் தவறவிட்டால் அடுத்த தேதி ஒரு மாதம் கழித்துத்தான்.

வியாழக்கிழமை அவள் எட்டுப் போட்டுப் பழகும்போது, அவளுக்கென்று வாங்கிய பழைய பைக்கு சரிந்து, வலது பக்கக் கண்ணாடி தரையில் மோதிச் சில்லுச் சில்லாகிப் போனது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் ஒரு கண்ணாடி இல்லாவிட்டாலும் பைக்கை ட்ரையலுக்கு உள்ளேயே விட மாட்டார்கள் என்று முன்னால் போய் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். சனிக்கிழமை அவள் நோர்வூட்டுக்குப் போய், மோட்டார் சாமான் கடை நஸாரிடம் புதுக் கண்ணாடி வாங்கி வந்தாள். பழைய கண்ணாடியின் தண்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலை.

"விடு, நான் பாத்துக்கிறேன்" என்றார் கணேசமூர்த்தி. அந்த வீட்டில் அதைவிடப் பயங்கரமான வாக்கியம் கிடையாது.

ஞாயிறு காலை, பைக்கை இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் நிறுத்தி, சாக்கை விரித்து, ஸ்பேனர்களைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் வேடிக்கைக்குப் பஞ்சம். பல் விளக்கிக்கொண்டே ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

கண்ணாடித் தண்டின் அடியில் திருகாணிபோலப் புரி இருக்கும். பிரேக் கைப்பிடியைப் பிடித்திருக்கிற அலுமினியத் துண்டில் அந்தப் புரி இறங்கியிருக்கும். கணேசமூர்த்தி ஸ்பேனரை வைத்து, ஊரில் எல்லா போல்டும் கழல்கிற பக்கமாக, அதாவது இடப்பக்கமாகத் திருப்பினார். அசையவில்லை. திரும்பவும் திருப்பினார். பைக்குதான் அசைந்தது.

"அப்பா, நஸார் நானா ஒன்னு சொல்லி அனுப்புனாரு" என்றாள் லோஜினி.

"நஸாரு சாமான் விக்கிறவரு. நான் சாமான் கழட்டுறவன். ரெண்டும் வேற வேற."

"இல்லப்பா, அந்த வலது பக்கத்துக்கு..."

"மண்ணெண்ணை கொண்டா."

மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் ஊற வைத்தார். கூட்டத்திலிருந்து ஆலோசனைகள் வந்தன. தேங்காய் எண்ணெய் என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் என்றார் இன்னொருவர். சோடா ஊற்றினால் எந்தத் துருவும் விடும் என்று மூன்றாமவர் சொல்லி, சோடா வாங்கி வந்து, பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியை ஊற்றினார். போல்ட் குளித்து முழுகி அப்படியே நின்றது.

கணேசமூர்த்தி குனிந்து உற்றுப் பார்த்தார். புரியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கல்லாய் இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினார். வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"இரும்புப் பசை! ரெண்டு டியூப்பயும் கலந்து பூசுவானுங்களே, அது! எந்த மடையன் இதுக்குள்ள பசைய அடைச்சு வச்சிருக்கான்? புரிக்குள்ள பசை வைக்கிறவன் ஒரு மனுசனா? கையில கெடச்சா அவன் கைய ஒடைக்கணும்!"

வீரம்மா முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே அமைதியாகச் சொன்னாள்.

"பங்குனி மாசம் பைக்கு வந்த அன்னிக்கு, எல்லா நட்டயும் ஒரு சுத்து இறுக்குனீங்களே. இந்தக் கண்ணாடி மட்டும் இறுக்க இறுக்க லூசாவுது, புரி தேஞ்சு போச்சுன்னு சொல்லி, டியூப்பு வாங்கிட்டு வரச் சொன்னது யாருங்க?"

கணேசமூர்த்தி தொண்டையைச் செருமினார். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாய் கொப்பளிக்கிற சாக்கில் திரும்பி நின்று சிரித்தார்கள்.

"அப்ப, நல்ல பசையாத்தான் வாங்கியிருக்கோம்" என்றார் கடைசியில்.

"அப்பா, அது இறுக்க இறுக்க லூசானது ஏன்னா..." என்று லோஜினி மறுபடி தொடங்கினாள்.

"கொழாய எடு."

குழாய் என்றால் அந்த இரும்புக் குழாய்தான். லோஜினி எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தார். ஸ்பேனரின் வாலில் செருகினார். காலை ஊன்றினார். மூச்சைப் பிடித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மனிதரை வெறும் முரடன் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ரோலரில் ஒரு நட்டைக் கையால் இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் அது கழன்று, மேல் தட்டு இறங்கி, அழகன் என்ற கூட்டாளிக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அழகன் இன்றைக்கும் அதே தொழிற்சாலையில் தேயிலை உலர்த்துகிற அடுப்பறை வேலை பார்க்கிறார். ஒரு நாள்கூட ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவர் சொல்லாததால்தான் கணேசமூர்த்திக்கு அது ஆறவேயில்லை. அன்றிலிருந்துதான் இந்த இன்னொரு சுற்று. மகளுடைய பைக்கில் அத்தனை நட்டையும் இறுக்கினார் என்றால், ஐந்து தோட்டத்து வளைவுகளிலும் அந்தப் பிள்ளை தனியாகப் போய்வரப் போகிறதே என்ற பயத்தில்தான். அதை வாயால் சொல்ல அவருக்குத் தெரியாது. ஸ்பேனரால் மட்டுமே சொல்லத் தெரியும்.

டக்.

சின்னச் சத்தம்தான். கணேசமூர்த்தி குழாயோடு போய்ச் சாக்கில் உட்கார்ந்தார். கண்ணாடித் தண்டு கையோடு வந்துவிட்டது. ஆனால் பாதிதான் வந்தது. மீதி, அலுமினியத் துண்டுக்குள் மட்டமாக முறிந்து, பிடிக்க ஒரு நகக்கண் அளவுகூட மேலே நீட்டாமல் பளபளவென்று இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஏதோ வேலை இருப்பதுபோலக் கிளம்பிப் போனார்கள். லோஜினி முறிந்த இடத்தைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் உள்ளே போய் நஸாருக்கு ஃபோன் போட்டாள். அந்த அலுமினியத் துண்டு இந்தப் பழைய மாடலுக்குக் கடையில் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தால் புதன்கிழமை வரும் என்று நஸார் சொன்னது வெளியே வரை கேட்டது. ட்ரையல் நாளைக்கு.

கணேசமூர்த்தி முறிந்த பாதித் தண்டைக் கையில் வைத்துக்கொண்டு சாக்கிலேயே உட்கார்ந்திருந்தார். அழகனுடைய கையைப் பார்த்த அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"லோஜி" என்று கூப்பிட்டார். குரல் வழக்கம்போல் வரவில்லை. "நஸாரு என்னாமோ சொன்னாருன்னியே."

அவள் வந்து வாசற்படியில் நின்றாள்.

"மூணு தடவ சொல்ல வந்தேம்பா."

"இப்ப சொல்லு."

"இந்த மாடல் பைக்குக்கு வலது கண்ணாடிக்கு மட்டும் புரி மறுபக்கமாம். எதிர்ல ஏதாச்சும் அடிச்சா கண்ணாடி ஒடையாம, தானா லூசாகித் திரும்பிக்கிறதுக்கு அப்புடிச் செஞ்சிருக்காங்களாம். கழட்டணும்னா நாம இறுக்குற பக்கம் திருப்பணுமாம். ஒங்கப்பாகிட்ட மறக்காம சொல்லுன்னாரு."

கணேசமூர்த்தி எழுந்து புதுக் கண்ணாடியை எடுத்துப் புரியைப் பார்த்தார். ஒரு சாதாரண போல்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றின் கோடுகள் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தன, மற்றதன் கோடுகள் அந்தப் பக்கம். அப்படியானால் காலையிலிருந்து அவர் கழற்றவேயில்லை. இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். குழாய் போட்டு, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, முறிகிற வரைக்கும் இறுக்கியிருக்கிறார்.

அவருக்கு இது புதுச் சங்கதியாக இருந்திருந்தால் பரவாயில்லை. தொழிற்சாலையில் உளி தீட்டுகிற கல் மிஷின் ஒன்று இருக்கிறது. அதில் இடது பக்க நட்டுக்கு எதிர்ப் புரி. தெரியாமல் திருப்பியவர்களை எல்லாம் அவர் வாய்க்கு வந்தபடி ஏசி, கடைசியில் சுவரில் சிவப்புப் பெயின்டால் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்: "மறுபக்கம் திருப்பு. பலத்தைக் காட்டாதே." பதினோரு வருடமாக அந்த எழுத்துக்கு முன்னால் நின்று வேலை செய்கிறார்.

"காலைப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால நிப்பாட்டி ஏசணும் என்னைய" என்றார்.

"ஏசிக்கிடலாம். இப்ப என்னா செய்றது?"

"உள்ள இருக்குறத ட்ரில்லு போட்டுத்தான் எடுக்கணும். ட்ரில்லு இருக்குறது..." என்று இழுத்தார். ட்ரில் இருப்பது ஜெயகாந்தனிடம். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வீரம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நடங்க" என்றாள்.

அலுமினியத் துண்டை பைக்கிலிருந்து கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கணேசமூர்த்தி சந்திக்கு இறங்கினார். லோஜினி கூடவே நடந்தாள். பட்டறைக்கு வெளியே ஜெயகாந்தன் ஒரு கேட்டுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் வளைப்பதை நிறுத்தினான்.

"வாங்க ஃபிட்டரய்யா. எந்தக் கம்பம்?"

இதற்கு எட்டு வார்த்தை பதில் கணேசமூர்த்தியின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. விழுங்கினார்.

"கம்பம் இல்ல தம்பி. நான் போல்ட்ட ஒடச்சுப்புட்டேன். நாளைக்குப் புள்ளைக்கு ட்ரையலு."

ஜெயகாந்தன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். கணேசமூர்த்தி வாயிலிருந்து 'உடைஞ்சுபோச்சு' என்று வருவதைத்தான் அந்தத் தோட்டம் இதுவரை கேட்டிருக்கிறது. 'உடைச்சுட்டேன்' என்று கேட்டதில்லை. அவன் கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டான்.

வைஸ் இடுக்கியில் மாட்டினான். முறிந்த போல்டின் நடுவில் உளியால் ஒரு புள்ளி குத்தினான். பசை இளகுவதற்காக நெருப்பைக் காட்டிச் சூடாக்கினான். மெல்லிய பிட்டை ட்ரில்லில் போட்டுவிட்டு யோசித்தான்.

"தொளை போட்டு, உள்ள வேற ஒன்ன அடிச்சு ஏத்தித் திருகி எடுக்கணும். அதுக்குள்ள அலுமினியம் வெடிச்சாலும் வெடிக்கும். என்னைய கொற சொல்லக் கூடாது."

லோஜினி ட்ரில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ட்ரில்லு எந்தப் பக்கம் சுத்தும்?"

"வலப்பக்கந்தான்."

"இந்தப் புரி கழலுறதும் வலப்பக்கம்தானே?"

பட்டறையில் இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"மெதுவா வச்சுப் பாரு தம்பி" என்றார் கணேசமூர்த்தி. "பலத்தக் காட்டாத."

ஜெயகாந்தன் ட்ரில்லை மெதுவாக இறக்கினான். பிட்டு கொஞ்சம் குடைந்தது, வெள்ளிப் பொடி பறந்தது. பிறகு பிட்டு கடித்துப் பிடித்தது. பிடித்த அந்த நொடியில், காலையிலிருந்து மண்ணெண்ணெய்க்கும் சோடாவுக்கும் குழாய்க்கும் மசியாத அந்தத் துண்டு, தானாகவே சுற்றிக்கொண்டு மேலே ஏறி வந்து, பிட்டின் நுனியிலேயே மாட்டிக்கொண்டு ஆடியது. யாரும் இழுக்கவில்லை, யாரும் ஊன்றவில்லை. ஓட்டைக்குள் புரி ஒரு சிராய்ப்புமில்லாமல் இருந்தது.

"போச்சு" என்றான் ஜெயகாந்தன். "எட்டு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. மத்தியானம் வரைக்கும் ஒங்ககிட்ட வம்பளக்கலாம்னு பாத்தேன்."

கணேசமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அங்கே வெல்டிங் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமினியத் துண்டை பைக்கில் மாட்டியாயிற்று. புதுக் கண்ணாடியை லோஜினியே எடுத்தாள். இடப்பக்கமாகத் திருகினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. சின்ன ஸ்பேனரால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு நிறுத்தினாள்.

கணேசமூர்த்தியின் கை நீண்டது.

"கடைசியா ஒரே ஒரு சுத்து லோஜி..."

"வேணாம்பா."

"ரோட்டுல லூசாச்சுன்னா?"

"லூசாச்சுன்னா நான் இறுக்கிக்கிறேன். எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்."

அவர் கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். அப்படி வைத்துக்கொள்வதற்கு அவர் பட்ட பாட்டை வீரம்மா மட்டும்தான் கவனித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனர் சாக்கை எடுத்து அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

திங்கட்கிழமை கணேசமூர்த்தி வேலைக்குப் போனார். ஒன்பது மணியிலிருந்து ஃபோனைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பதினொன்றே காலுக்கு அது அடித்தது. ரோலர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அடுப்பறைக்கு ஓடினார். அங்கே அழகன் விறகு தள்ளிக்கொண்டிருந்தார்.

"பாஸ்பா!" என்றாள் லோஜினி.

"கண்ணாடி?"

"நான் பாஸ்ங்கிறேன், கண்ணாடியக் கேக்குறீங்களே!"

"பாஸு சரி. கண்ணாடி என்னாச்சு?"

"ஆடாம அசையாம இருக்கு. ட்ரையல் எடுத்த ஐயா கையால ஆட்டிக்கூடப் பாத்தாரு."

ஃபோனை வைத்துவிட்டுக் கணேசமூர்த்தி விறகுக் கட்டையில் உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் அழகனிடம் சொன்னார். பசையை மறைக்கவில்லை. ஜெயகாந்தனிடம் போனதையும் மறைக்கவில்லை. அழகன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, மூன்று விரல் கையால் அவருடைய தோளைப் பிடித்தார்.

"மூர்த்தி, நீ இறுக்காத ஒன்னு, கழலாம ஹட்டன் வரைக்கும் போயிருக்கு. தெரியுதா?"

"தெரியுது."

"இருபத்தேழு வருசமா நானும் இதச் சொல்லணும்னு பாக்குறேன். நீ எங்க கேக்குற? எம்முன்னால வந்தாலே ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு ஓடிப் போயிருவ."

கணேசமூர்த்தி அந்தக் கையைத் தோளிலிருந்து விலக்கவில்லை. பிறகு எழுந்து ரோலருக்குப் போனார். மேல் தட்டு நட்டுக்கு ஸ்பேனரை வைத்து, குழாயைச் செருகி, காலை ஊன்றி, இன்னொரு சுற்று கொடுத்தார். ரோலர் வேறு, பிள்ளை வேறு. அந்த வித்தியாசம் அவருக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்று சாயங்காலம் லோஜினி பிள்ளைக் காம்பரா வேலைக்குக் கொண்டுபோக வேண்டிய கடுதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி தானே சீனி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டுக் கோயில் பக்கம் போனார். அவர் போனதும் வீரம்மா வழக்கம்போலத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, மகளைத் துணைக்குக் கூப்பிட்டுவிட்டு, சீனிப் போத்தலைப் பிடித்தாள். மூடி அரைச் சுற்றில் கையோடு வந்துவிட்டது. பலமாகத் திருகத் தயாராக இருந்ததால் சீனி பாதி தரையில் கொட்டியது.

வீரம்மா கொட்டிய சீனியைப் பார்த்தாள். கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். பிறகு துணியை வீசிவிட்டு வாசலுக்கு ஓடி வந்து, கீழே கோயில் வளைவில் போய்க்கொண்டிருந்த புருஷனைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"என்னாங்க! நில்லுங்க! ஒங்களுக்கு மேலுக்கு ஏதும் முடியலையா?"